பழைய வில்லிஸ் ஜீப்பின் துருப்பிடித்த பாடியைச் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

பர்மாவில் எங்கள் ஊரான மௌல்மீனில் வைகாசியில் மழை இறங்கினால் ஐப்பசி வரை விடாது. வருடத்துக்கு 4,000 மி.மீ.க்கு மேல் பெய்கிற ஊர். எதிரே பீலூ தீவு, அதைத் தாண்டினால் கடல். காற்றிலேயே உப்பு இருக்கிறது. எங்கள் வீட்டு வில்லிஸ் ஜீப் அப்பா காலத்திலிருந்து இந்த மழையிலும் இந்தக் காற்றிலும்தான் ஓடுகிறது.

1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்தன. இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த வண்டி. சில வருடம் ஓடினால் போதும் என்றுதான் தகடு மடித்திருப்பார்கள். அது 80 வருடம் தாண்டியும் பர்மாவில் ஓடுகிறதென்றால், தலைமுறை தலைமுறையாகப் பட்டறைக்காரர்கள் அதற்கு உயிர் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் எப்படியாவது சாமான் தேடிவிடலாம். பாடி போனால்தான் வண்டி போகும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஜீப்பின் தரைத்தகடு ஓட்டையானது. ஒரு பட்டறையில் விட்டோம். ஒரே வாரத்தில் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது மழைக்காலம் முடியும்போது டிரைவர் கால் வைக்கிற இடம் மெத்தை மாதிரி அமுங்கியது. பிரித்துப் பார்த்தால், துருப்பிடித்த பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டு அடித்து, ஓரத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசியிருந்தார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்று இரண்டையும் தின்றிருந்தது.

அடுத்த முறை நானே செய்வது என்று முடிவெடுத்து, எங்கள் தெருவில் வயதான மேஸ்திரி ஒருவரிடம் யோசனை கேட்டேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "தம்பி, ஓட்டைய அப்புறம் அடைக்கலாம். தண்ணி எங்க வருது, எங்க போகுதுன்னு மொதல்ல கண்டுபிடி." இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பேச்சை வைத்துத்தான் எழுதுகிறேன். இங்கே சொல்வது வில்லிஸ் ஜீப்பை வைத்து. மற்ற பழைய ஜீப்களுக்கும் வேலை பெரும்பாலும் இதேதான்.

துரு எங்கே இருக்கும்

வண்டியை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பிறகு ஒரு சின்னச் சுத்தி, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தம், ஒரு சாக்பீஸ். இவ்வளவு போதும். சுத்தியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். துருப்பிடித்தது 'டப்' என்று செத்த சத்தம் போடும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. காந்தம் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைப் போல மூன்று மடங்கு பெரிய வட்டம் விழுந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான்.

வில்லிஸில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் குழி. பின்பக்கம் இரண்டு மூலையிலும் உள்ள டூல் பெட்டிகளின் அடித்தகடு. கால் வைக்கும் சரிவுத் தகடும் தரையும் சேருகிற மடிப்பு. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், தரைக்கு அடியில் ஓடும் சேனல்கள். தொப்பியைக் கவிழ்த்த மாதிரி மடித்த தகடு அது. தரையைத் தாங்குவதும், பாடியைச் சேஸியோடு, அதாவது வண்டியைத் தாங்கும் அடி ஃப்ரேமோடு, போல்ட் போட்டுப் பிடிப்பதும் அதுதான். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சேஸியையும் இப்போதே தட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிள் பிடிக்கும் இடங்கள், முன்னும் பின்னும் உள்ள குறுக்குச் சட்டங்கள், உள்ளே குடைவாக இருக்கும் பகுதிகள். சேஸி போயிருந்தால் பாடி வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைத் தேர்ந்த வெல்டர் ஒருவரிடம் காட்டுங்கள். தரைத்தகட்டில் கை பழகலாம். சேஸியில் கை பழகக்கூடாது. அதில்தான் உயிர் இருக்கிறது.

எப்போது தொடங்குவது

கார்த்திகையில். தமிழ்நாட்டில் கார்த்திகை மழை மாதம், நமக்கு இங்கே வானம் வெளுக்கும் மாதம். கார்த்திகையிலிருந்து மாசி வரை கிடைக்கும் வறண்ட காற்றை விட்டுவிட்டு ஆடியில் பாடியைப் பிரித்தால், காலையில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய தகடு மாலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். வார இறுதியில் மட்டும் வேலை செய்பவர் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரைப் பிறப்பையும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவையும் கெடுவாக வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை

பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை முழுவதுமாக இறக்கி, வேலை நடக்கும் இடத்திலிருந்து வேறு கட்டிடத்துக்கே கொண்டுபோய்விடுங்கள். வில்லிஸில் டேங்க் தரைத்தகட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, ஏனென்றால் வெடிப்பது ஆவிதான். டேங்கில் ஓட்டை இருந்தால் அதை நீங்கள் வெல்டு செய்யவே வேண்டாம். பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் கழற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு ஈரச் சாக்கு. வெல்டிங் முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருந்து பாருங்கள். புகை பெரும்பாலும் அப்போதுதான் கிளம்பும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். நல்ல முகமூடி போடுங்கள், முடிந்த இடத்தில் தண்ணீர் விட்டுத் தேய்யுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

பிரிப்பதற்கு முன் தாங்கு

கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். இறுகிய போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். உடைந்தால் உடையட்டும், புதிது போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். வில்லிஸுக்குக் கதவு கிடையாது. ஏறுவதற்காக இரண்டு பக்கமும் பாடி வெட்டுப்பட்டிருக்கும். அந்த இடத்தில் முன் பாதியையும் பின் பாதியையும் பிடித்து வைத்திருப்பது தரைத்தகடும் அதன் அடியில் உள்ள சேனல்களும்தான். தரையை வெட்டிய உடனே பாடி நடுவில் மடங்கிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்பே, பாடி இன்னும் சேஸியில் போல்ட்டோடு இருக்கும்போதே, இரண்டு ஏறும் வெட்டுகளுக்கும் குறுக்கே ஒரு அங்குல ஆங்கிள் இரும்பை வெல்டு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஒன்று, மூலைக்கு மூலை இரண்டு. மூலைவிட்ட அளவுகளை டேப்பால் அளந்து பாடியிலேயே எழுதி வையுங்கள். வேலை முடியும் வரை அந்த அளவு மாறக்கூடாது.

பிறகு பாடியைத் தூக்கிக் கவிழ்த்துப் போடலாம். எங்கள் வண்டிக்குத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த ஆறு பேர் வந்து கைகொடுத்தார்கள். கவிழ்த்துப் போட்டால் அடிவேலை பாதி சுலபம். படுத்துக்கொண்டு முகத்தில் தீப்பொறி வாங்க வேண்டியதில்லை.

துருவை எடுப்பது

செதில் செதிலாக நிற்கும் துருவை முதலில் சுத்தியாலும் சுரண்டியாலும் உதிர்த்துவிடுங்கள். அப்புறம் கிரைண்டரில் கம்பி பிரஷ், ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்களை அடுக்கிய வட்டு). ஃப்ளாப் டிஸ்க் தகட்டையும் சேர்த்துத் தின்னும், கை லேசாக இருக்கட்டும். குழிகளில் நிற்கும் கறுப்புத் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவுங்கள். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். கனமான துருவின் மேல் அதைத் தடவிப் பிரயோஜனமில்லை, மேல்தோலை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும். டப்பாவில் சொன்ன நேரத்துக்குப் பிறகு கழுவித் துடைத்து உடனே காயவையுங்கள்.

கொக்கி, கீல், பெடல் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு வெல்லப்பாகுக் கழிவு அருமையான மருந்து. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகு. ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டால் துரு மட்டும் கரையும், நல்ல இரும்பு அப்படியே இருக்கும். நாற்றம் அடிக்கும், வீட்டுக்குத் தள்ளி வையுங்கள். அலுமினியத்தை அதில் போடாதீர்கள்.

அவசரமென்றால் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் 12 வோல்ட் சார்ஜரை வைத்து மின்சார முறையில் எடுக்கலாம். சாமானுக்கு மைனஸ், பக்கத்தில் தொங்கும் பழைய இரும்புத் துண்டுக்கு பிளஸ். பிளஸ் பக்கம் எவர்சில்வர் வேண்டவே வேண்டாம், தண்ணீர் விஷமாகும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும்.

வெட்டுவதும் ஒட்டுத்தகடும்

சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே, தகடு முழுக் கனத்தோடு இருக்கும் இடம் வரை வெட்டுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் காகிதமாக மெலிந்த ஓரத்தில் வெல்டு வைத்தால் அது உருகி ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். வெட்டும் துண்டின் மூலைகளை வளைவாக வையுங்கள். கூர்மூலையில் தகடு பிளக்கும். ஒரே சமயத்தில் முழுத்தரையையும் எடுக்காமல், ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

அட்டையில் மாதிரி வெட்டி, ஓட்டையில் வைத்துப் பார்த்து, சரியானதும் தகட்டில் வரைந்துகொள்ளுங்கள். எங்கள் ஜீப்பில் நல்ல பகுதியை அளந்தபோது 1.2 மி.மீ. வந்தது, அதாவது 18 கேஜ். கால் மிதிபடும் தரைக்கு நான் அதைவிடக் கனமான 16 கேஜ் போட்டேன். கூரை வேயும் கால்வனைஸ் தகட்டைப் போடாதீர்கள். மெலிசு என்பது ஒன்று. அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் எரிந்து வரும் வெள்ளைப் புகை அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும் என்பது இன்னொன்று.

புதுத்தகட்டைப் பழையதன் மேல் ஏற்றி ஒட்டுவதா, ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதா? என் கட்சி ஓரத்தோடு ஓரம். ஏறி உட்காரும் இடத்தில் தண்ணீர் ஊர்ந்து புகும், எங்கள் தரை போனதே அதனால்தான். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு தகட்டுக்கும் நடுவில் துத்தநாக வெல்டிங் பிரைமர் பூசி, இரண்டு பக்க ஓரத்தையும் கடைசியில் சீலர் வைத்து மூடுங்கள்.

வெல்டிங்

கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் மிக் வெல்டிங் மெஷின் கிடைத்தால் நல்லது. 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி, 40 முதல் 60 ஆம்பியர். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மி.மீ. இடைவெளி விட்டு, முதலில் நான்கு திசையிலும் ஒவ்வொரு புள்ளி. பிறகு அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் இன்னும் சில. ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். இந்த மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று, தொட்டுப் பார்த்துச் சூடு இறங்கியதும் அடுத்தது. தகடு நெளிந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சாதாரண ஆர்க் மெஷின்தான் இருக்கிறதா? முடியும், பொறுமை வேண்டும். 2 மி.மீ. ராடு, 40 முதல் 50 ஆம்பியர். இன்வெர்ட்டர் மெஷினாக இருந்தால் ராடை மைனஸில் மாட்டுங்கள், தகட்டில் சூடு குறையும். தகட்டுக்குப் பின்னால் கனமான செப்புத் துண்டை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். செம்பில் வெல்டு ஒட்டாது, சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டை விழாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் என்பதால், ஜெனரேட்டரை நம்பி வேலை செய்தால் உங்கள் மெஷினை அது தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சேனல்: வண்டியின் உயிர்நாடி

இங்கேதான் மேஸ்திரியின் பேச்சு எனக்கு முழுதாகப் புரிந்தது. அசல் வில்லிஸில் சில சேனல்களுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள், போல்ட் இறுக்கும்போது தகடு நசுங்காமல் இருப்பதற்காக. எங்கள் ஜீப்பில் ஒரு சேனலின் ஓரத்தைக் கிரைண்டரால் திறந்தபோது, உள்ளேயிருந்து வந்ததை மரம் என்று சொல்ல முடியாது. ஊறிய புகையிலை மாதிரிக் கறுத்து, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. மாசி மாதம் அது. மழை நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. நான்கு மாத வெயிலிலும் அந்தக் கட்டை ஈரத்தை விடாமல் தகட்டோடு ஒட்டிவைத்துக் காத்திருக்கிறது. அப்படியென்றால் எங்கள் தரை கோடையிலும் துருப்பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

பார்த்தவர்கள் எல்லாம் தேக்குப் போடு என்றார்கள். பர்மாத் தேக்கு தண்ணீருக்கு அசராது, உண்மைதான். ஆனால் தேக்கு அழுகாமல் இருந்தால் மட்டும் போதாதே, அதை ஒட்டியிருக்கும் இரும்பும் காய வேண்டும். நான் மரமே போடவில்லை. போல்ட் வரும் ஒவ்வொரு இடத்திலும், சேனலின் உயரத்துக்கு வெட்டிய கனமான இரும்புக் குழாய்த் துண்டை நிறுத்தி வெல்டு வைத்தேன். போல்ட் அதன் வழியாக இறங்குகிறது. எவ்வளவு இறுக்கினாலும் சேனல் நசுங்காது, உள்ளே காற்றும் ஓடும். அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மரம் வைக்கலாம், அது அவரவர் விருப்பம். மழை ஊரில் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நான் வேண்டாமென்பேன்.

புதுச் சேனலின் தாழ்ந்த இடங்களில் 10 மி.மீ. அளவில் ஓட்டை போடுங்கள். இரண்டு முனையையும் அடைக்காதீர்கள். தரையோடு வெல்டு வைப்பதற்கு முன் உள்பக்கம் துத்தநாக பிரைமர். டேங்க் குழியிலும் டூல் பெட்டியிலும் வடிகால் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் வண்டியில் ஒன்றை யாரோ வெல்டு வைத்தே மூடியிருந்தார்கள்.

பட்டி

வெல்டை கிரைண்டரில் சமன் செய்து, நெளிவுகளைச் சுத்தியும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டி) வைத்துத் தட்டி எடுத்த பிறகு, மிச்சம் இருக்கும் மேடு பள்ளத்துக்குத்தான் பட்டி. இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் வேண்டியிருந்தால் தட்டும் வேலை முடியவில்லை. பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதனால் வெறும் தகட்டில் பூசாமல், ஒரு கோட் எபாக்ஸி பிரைமர் அடித்து அதன் மேல் பூசுங்கள். ஓட்டையின் மேல் பட்டி ஒருநாளும் கூடாது. தரைக்குப் பட்டியே தேவையில்லை.

பிரைமரும் பெயிண்டும்

சுத்தம் செய்த தகட்டுக்கு அன்றே பிரைமர். மறுநாளைக்கு வைக்காதீர்கள். காலையில் பனி இறங்கியிருக்கும், ஒன்பது பத்து மணிக்கு மேல் தகடு கையில் கதகதவென்று ஆன பிறகு தொடங்குங்கள். தகட்டின் சூடு பனி படியும் சூட்டைவிடக் குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையில் பழைய விதி. தின்னரால் துடைத்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், கை வியர்வையே உப்பு.

இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். செலவு கூடத்தான், ஆனால் ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் நம் மழைக்கு நிற்காது. அது காய்ந்ததும் எல்லா இணைப்பிலும் பாலியூரித்தேன் சீலர். சீலர் எப்போதும் பிரைமரின் மேல், வெறும் இரும்பில் இல்லை. பிறகு மேல் பெயிண்ட். நிறம் உங்கள் இஷ்டம். எங்கள் வீட்டில் அப்பா சொன்ன பச்சைதான்.

அடிப்பக்கம் தார் பூசுவது இங்கே வழக்கம். நல்ல பிரைமரின் மேல் பூசினால் கெடுதலில்லை. துருவின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த கதைதான். மேலே அழகாக இருக்கும், அடியில் தகடு போய்க்கொண்டிருக்கும். பழைய எஞ்சின் ஆயில் தடவும் பழக்கத்தையும் பார்க்கிறேன். துருவைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், சொட்டி மண்ணையும் கிணற்றையும் பாழாக்கும். எனக்குப் பிடிக்காத வேலை. சேனல்களுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் மெழுகு கலந்த எண்ணெயைக் குழாய் வைத்து ஸ்பிரே செய்யுங்கள். வடிகால் ஓட்டையிலிருந்து சொட்ட ஆரம்பித்தால் உள்ளே முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திருப்பி மாட்டும்போது பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் ரப்பர் வையுங்கள். பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டினால் போதும். இரும்போடு இரும்பு உரசினால் பெயிண்ட் அங்கேதான் முதலில் போகும். போல்ட்டுகளுக்கு கிரீஸ். தாங்கு இரும்புகளை எடுப்பதற்கு முன் அந்த மூலைவிட்ட அளவுகளை இன்னொரு முறை பாருங்கள்.

மாட்டிய பின்

தரையில் கால்மிதியோ ரெக்ஸினோ விரிக்காதீர்கள். விரித்தால் வாரம் ஒருமுறை எடுத்துக் காயவையுங்கள். செட்ஸே கடற்கரைக்குப் போய் வந்தால் அன்று இரவே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிட வேண்டும், மறுநாள் காலை என்று தள்ளக்கூடாது.

திஞ்சானில் ஜீப் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவோம். நான்கு நாளும் வாளி வாளியாகத் தண்ணீர் வண்டிக்குள்தான் விழும். கிளம்புவதற்கு முன்பே தரையில் உள்ள வடிகால் மூடிகளை எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். திருவிழா முடிந்த மறுநாள் சீட்டுகளை இறக்கி, டூல் பெட்டிகளைத் திறந்துவைத்து, வண்டியைச் சரிவான இடத்தில் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு நாள் வெயிலில் நிறுத்துங்கள். சேனல் ஓட்டைகளில் ஒரு கம்பியை விட்டு ஆட்டிப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் அது வெளியே வரும், பின்னாலேயே தண்ணீரும் வரும்.